கட்டுத்தறி மண்

மண்ணைச் சலிப்பது, கரைப்பது, வடிகட்டுவது, எண் காண்பது எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எண்களுக்குக் கீழே 'சிபாரிசு' என்று ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே பேனாவை வைப்பதற்கு முன் என்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் என் விஷயம். ஓய்வு பெற்றவன் சொல்கிறான் என்பதற்காகக் கேட்க வேண்டாம். நான் நின்ற இடத்தில் நாளை நீங்கள் நிற்க நேரலாம், அதற்காகக் கேளுங்கள்.

முதலில் சிறிய சங்கதி ஒன்று. எண்ணூர்ப் பக்கம் புல் போடுகிற ஒருவர் மண் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தால் உப்பு எக்கச்சக்கமாக இருந்தது. அந்த மண்ணில் புல் முளைக்கவே வழியில்லை என்று சொன்னேன்.

"போன மாசம்கூட மொயங்கால் ஒசரம் அறுத்தேனே சார். அது இன்னா, என் தலையிலயா மொளைச்சுது?" என்றார் அவர்.

மண் வந்த சாக்கைப் புரட்டிப் பார்த்தேன். உப்பளத்துச் சாக்கு. எண்ணூரில் எந்த வீட்டிலும் சும்மா கிடைக்கிற சாக்கு அதுதான். அரிசிக்கும் அதுதான், விறகுக்கும் அதுதான், மண்ணுக்கும் அதுதான். நாங்கள் சோதித்தது அவருடைய நிலத்தை அல்ல, அந்தச் சாக்கை. அன்று ஆய்வுக்கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு மண் கொண்டுவருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி சாக்கைப் பற்றித்தான்.

இனி சொல்லப்போவதில் யாரும் சிரிக்கவில்லை.

ராயபுரத்தில் காதர் பாய் என்று ஒரு வண்டி முதலாளி இருந்தார். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளைக் கிடங்குகளுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். வைக்கோல் விலை ஏறிக்கொண்டே போனதால், எர்ணாவூருக்கு அப்பால், சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தம் மாடுகளுக்காகத் தீவனச் சோளம் போட ஆரம்பித்தார். முதல் வருஷம் நன்றாக விளைந்தது. இரண்டாம் வருஷம் விதைப்பதற்கு முன் எங்களிடம் மண் கொடுத்து அறிக்கை வாங்கினார். முறைப்படி நிலத்தின் எல்லா மூலைகளிலும் எடுத்து, ஒன்றாகக் கலந்து கொடுத்த மண். சாக்கும் நல்ல சாக்கு. தழைச்சத்து திருப்தி, மணிச்சத்து குறைவு, உப்பு பரவாயில்லை. எங்கள் தலைமை ரசாயனர் 'தீவனச் சோளத்துக்கு மிகவும் ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த எண்களில் ஒரு பிழையும் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் யாரையும் குற்றம் சொல்லத் தேட வேண்டாம்.

அந்தக் கோடையில் கிணற்று நீர் கரித்துவிட்டது. பாய்ச்சல் நின்றது. சோளம் முழங்காலுக்குச் சற்று மேலே வந்து அப்படியே நின்றுபோனது. ஏன் வளரவில்லை என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது.

வரப்பில் ஏறியதும் நான் பார்த்தது பயிரை அல்ல, அறுத்த இடத்தை. நிலத்தின் குறுக்கே பாய் விரித்ததுபோல் நீள நீளமாகச் சில பட்டைகள் மொட்டையாகக் கிடந்தன. அறுக்காமல் விட்ட சோளம் வெளிறி, இலை சுருண்டு நின்றது. மொட்டைப் பட்டைகளின் ஓரத்தில் தப்பி நின்ற சில சோளச் செடிகள் மட்டும் கருநீலம் கலந்த பச்சையாக இருந்தன. உயரம் என்னவோ அதே முழங்கால் அளவுதான்.

பாயின் மேஸ்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுத்திருக்கிறீர்கள்?"

"நல்லா கீறத அறுத்தோம் சார். நோஞ்சானா கீறத வுட்டோம். வண்டி ரொம்பல, அதனால கொஞ்சம் நோஞ்சானும் மேல போட்டு அனுப்சேன்."

"எங்கே அனுப்பினீர்கள்?"

"வேற எங்க? ராயபுரம்தான். கப்பல் வந்துகீது. வைக்கோலு சுத்தமா இல்ல. மாடு பட்னியா கீது, பச்ச கொண்டான்னு பாய் ரெண்டு நாளா உசுர எடுக்கறாரு."

"இந்தப் பட்டைகளில் மட்டும் ஏன் இவ்வளவு கரும்பச்சை? எரு போட்டீர்களா?"

"எருவா? யாரு போட்டா? மழைக்காலத்துல ஹார்பர்ல வேல இருக்காது. வண்டிக்காரனுங்க மாட்ட எல்லாம் இங்க இட்டாந்து வரிசையா முளை அடிச்சுக் கட்டிடுவானுங்க. மழ வுடற வரைக்கும் மாடு இங்கதான். சாணி, மூத்தரம் எல்லாம் அங்கியே."

அந்த வண்டியைப் பிடித்தாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இளஞ்சோளம் நீரில்லாமல் குன்றி நின்றால் அதன் இலையில் ஒரு நஞ்சு சேரும். தழைச்சத்து மிகுந்து மணிச்சத்து குறைந்த மண்ணில் அது மேலும் கூடும். பசியோடிருக்கும் மாடு அதைப் பச்சையாகத் தின்றால், வயிறு நிறைவதற்குள் விழுந்துவிடும். மருந்துக்கு ஆள் அனுப்பக்கூட நேரம் இருக்காது. எங்கள் அறிக்கையில் இருந்த 'திருப்தி' என்ற தழைச்சத்து, கட்டுத்தறி வரிசைகளின் மண்ணும் மற்ற இடத்து மண்ணும் கலந்த கணக்கு. தறி வரிசையில் அது பல மடங்கு. மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லாத அளவு. அறிக்கையில் சொன்ன மண் அந்த நிலத்தில் எங்குமே கிடையாது.

"வண்டி எப்போது போனது?"

"இருட்டோட போச்சு. மாடு மத்தியானம் ஹார்பர்லேருந்து வரும். அதுக்குள்ள போய்டும்."

நான் சைக்கிளை எடுத்தேன். "இன்னா சார், வந்ததும் ஓட்றீங்க? கூழ் குடிங்க!" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அன்று நான் ஓட்டியதுபோல் பிறகு ஒருநாளும் ஓட்டியதில்லை. தண்டையார்பேட்டை வரை, முன்னால் தெரிந்த ஒவ்வொரு வண்டியையும் அதுதானோ என்று பார்த்துக்கொண்டே போனேன். விறகு வண்டி, தவிட்டு வண்டி, உப்பு வண்டி. சோள வண்டி எங்கும் இல்லை.

பாயின் கொட்டடிக்குள் நான் நுழைந்தபோது சோள வண்டி முற்றத்தில் நின்றிருந்தது. கட்டுகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து திரும்பிய மாடுகளை நுகத்தடியிலிருந்து அவிழ்த்து வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விலா எலும்பு தெரிகிற மாடுகள். பச்சை வாசனை பட்டதும் எல்லாக் கழுத்துகளும் ஒரே பக்கம் நீண்டன. அந்தக் கதறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"போடாதீர்கள்! ஒரு கட்டும் அவிழ்க்காதீர்கள்!" என்று கத்தினேன்.

காதர் பாய் கணக்குப் பலகையை விட்டு எழுந்து வந்தார். பெரிய உருவம், சின்னக் குரல். "இன்னா சார், மூச்சு வாங்குது? மொதல்ல தண்ணி குடிங்க."

நின்றபடியே சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே போய் எங்கள் அறிக்கையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இத்த எய்துனது உங்க ஆபீசுதான? மிகவும் ஏற்றதுன்னு போட்டுகீது. கையெய்த்து கீது, முத்திர கீது. இப்ப நீங்க வந்து வெஷம்ன்றீங்க. உங்க பெரியவரு சொல்றது நெஜமா, நீங்க சொல்றது நெஜமா?"

"இரண்டும் நிஜம்தான், பாய்."

"அது எப்டி சார்? போன வருசம் இதே சோளம் துன்னுச்சுங்க. ஒரு மாடு ஏப்பம்கூட வுடல."

"போன வருஷம் தண்ணீர் இருந்தது. பயிர் தலைக்கு மேல் வளர்ந்து கதிர் வந்த பிறகு அறுத்தீர்கள்."

சோளம் போட்ட நிலத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு சிறு புட்டியில், சோதனை மருந்தில் தோய்த்த மஞ்சள் தாள்களை எடுத்துப்போவது என் வழக்கம். இலையை நறுக்கிப் புட்டியில் போட்டு, அதன்மேல் தாளைத் தொங்கவிட்டு மூடி வைத்தால், நஞ்சு இருந்தால் தாள் சிவக்கும். மிகுந்திருந்தால் செங்கல் நிறம் வரும். பாயிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கைக்கு எட்டிய கட்டிலிருந்து இலை பறித்துப் போட்டேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாடுகள் கயிற்றை இழுத்தன.

தாள் மஞ்சளாகவே இருந்தது. நேரம் போயிற்று. அப்போதும் மஞ்சள்.

"கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சா தடவுன மாதிரி கீது," என்றான் ஒரு வண்டிக்காரன். சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "அவுக்கட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் வண்டிமேல் ஏறி, அடியில் கிடந்த இன்னொரு கட்டைப் பிரித்தேன். கரும்பச்சை இலைக் கட்டு. மறுபடி புட்டி, மறுபடி தாள். இந்தத் தடவை மஞ்சள் மெல்ல மாறியது. காவியாயிற்று. அதற்குமேல் போகவில்லை. சிவக்கவும் இல்லை, செங்கல் நிறத்துக்கு வரவும் இல்லை. வெட்டி வெயிலில் வந்த இலை, வழியிலேயே கொஞ்சம் நஞ்சு போயிருக்கலாம். அல்லது இருந்ததே அவ்வளவுதானா? உங்கள் புத்தகங்களில் எங்கேயும் இப்படி ஒரு நிறத்துக்கு விடை இருக்காது.

பாய் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், நான் சொல்றத கேளுங்க. ரங்கூன் அரிசி கப்பல். நாளைக்கு மூட்ட தூக்கலன்னா வேற ஆளுக்குப் பூடும். ஒரு தபா பூட்டா திரும்ப வராது. மாட்டுக்கு நான் இன்னா போடுவேன்? கூரைல இருக்கற பழைய வைக்கோலத்தான் புடுங்கிப் போடணும். பட்னி மாடு மூட்ட இழுக்குமா?" கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ஒண்ணு பண்ணுவோம். ராசாவுக்குக் கெய்டு தட்டிடுச்சு. இன்னும் ஒரு வருசம் இழுத்தா பெர்சு. அதுக்கு ஒரு கட்டு போடுவோம். நின்னா எல்லாத்துக்கும் போடுவோம். வுயுந்தா, அல்லா வுட்ட வழி, மத்தது பொயைக்கும்."

வரிசையின் கடைசியில் நின்ற, கொம்பு வளைந்த வெள்ளை மாடுதான் ராசா. அதன் வண்டிக்காரன் ஏழுமலை, ஒல்லியான ஆள், மாட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"மொதலாளி, அத்த மொதல்ல எனக்குப் போடு. நான் துன்னு காட்றேன்."

"நீ மாடாடா?"

"இத்தினி வருசமா மாடு மாறிதான உங்கிட்ட இழுக்கறேன். இன்னிக்கு இன்னா புதுசா கேக்கற?"

"டேய் ஏழுமலை, பேஜார் பண்ணாத. தள்ளு."

"தள்ள மாட்டேன் பாய். ராசாவ நீ வாங்கின. நடை பழக்குனது நானு. மழக்காலத்துல அதும்பக்கத்துல படுத்தது நானு. வேற மாடு எதுனா பாரு."

மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் தத்தம் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நண்பர்களே, அந்த நேரத்தில் என் மனம் என்ன நினைத்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். பாய் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ராசா விழுந்தால் என் வார்த்தை நின்றுவிடும். தலைமை ரசாயனரிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. விழாவிட்டால் சுமை என் தலையிலிருந்து இறங்கிவிடும். எப்படிப் போனாலும் முடிவை மாடு எடுத்துவிடும், நான் எடுக்க வேண்டாம். 'சரி' என்று ஒரு சொல் போதும்.

ராசாவுக்கென்று பாய் காலால் நகர்த்திய கட்டு என் கண்ணில் பட்டது. வெளிறிய இலை. நான் முதலில் தாள் வைத்துப் பார்த்த அதே கட்டு.

"பாய், இந்தக் கட்டைத் தின்றால் ராசாவுக்கு ஒன்றும் ஆகாது," என்றேன்.

"அப்பறம் இன்னா சார்?"

"அதுதான் ஆபத்து. இது நோஞ்சான் பயிர். தறி வரிசைக் கட்டெல்லாம் வண்டிக்குள்ளே அடியில் கிடக்கிறது. இதைத் தின்று ராசா நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மீதி மாடுகளுக்கு அடியில் உள்ள கட்டுகளை அவிழ்ப்பீர்கள். எங்கள் ஆபீசில் நடந்ததும் இதுதான். எல்லா மண்ணையும் கலந்து ஒரு கைப்பிடியைப் பார்த்து, நிலம் முழுக்க இப்படித்தான் என்று எழுதினார்கள். ஒரு மாட்டுக்குப் போட்டுப் பார்த்து எல்லா மாட்டுக்கும் தீர்ப்புச் சொன்னால், அதே வேலையை நீங்கள் செய்கிறீர்கள்."

பாய் கட்டைப் பார்த்தார், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், இரண்டு கட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு இலை கிள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

"எய்திக் குடுங்க," என்றார் கடைசியில். "வாயால சொன்னா காத்துல பூடும். நாளைக்குக் கான்ட்ராக்டு போனா எவன் சொல்லி நிறுத்தினேன்னு, தொழில்ல பங்கு வச்சிருக்கற என் மச்சானுக்குக் காட்டணும்."

அறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதினேன்: 'இந்தச் சோளத்தைப் பச்சையாக எந்த மாட்டுக்கும் போடக் கூடாது. விரித்து நன்றாகக் காயவைத்து, மறுபடி சோதித்த பிறகே போடலாம்.' என் பெயரைப் போட்டேன். முன்பக்கத்தில் என் மேலதிகாரியின் கையெழுத்து. பின்பக்கத்தில் அதற்கு மாறாக என்னுடையது. 

சோளத்தை முற்றத்திலும் கிடங்குக் கூரைமேலும் விரித்தார்கள். மாடுகளுக்குப் பழைய வைக்கோலும் கொஞ்சம் பருத்திக்கொட்டையும் கிடைத்தன. மறுநாள் பாதி வண்டிகள்தான் துறைமுகத்துக்குப் போயின. மீதி மூட்டைகள் வேறு ஆளின் வண்டிகளில் ஏறின. அந்த வேலை பாய்க்குத் திரும்ப வரச் சில மாதங்கள் பிடித்தன என்று கேள்விப்பட்டேன். சோளம் சருகாகும்வரை தினமும் போய்ப் பார்த்தேன். தாள் எந்தக் கட்டிலும் நிறம் மாறாத நிலை வந்த பிறகு, நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன். எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை. கொட்டடியில் சிலர், "சொம்மா பயமுறுத்திட்டுப் போனாரு" என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் காட்ட ஒரு செத்த மாடு இல்லை. நம் வேலையில் இது வழக்கமாக நடப்பது. தவறினால் சாட்சி இருக்கும், தவிர்த்தால் இருக்காது. பாராட்டுக்காகக் காத்திருந்தால் இந்த உத்தியோகத்துக்கு வரவேண்டாம்.

தலைமை ரசாயனர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குள் நான் எர்ணாவூருக்குப் போய்த் தறி வரிசை மண்ணையும் இடைவெளி மண்ணையும் தனித்தனியாக எடுத்துச் சோதித்திருந்தேன். முடிவுகளை மேஜைமேல் வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. தம் எண்களை நேசித்தவர்.

"கூட்டிப் பாரும், என் சராசரி சரியாகத்தான் இருக்கிறது," என்றார்.

"சரிதான் சார். ஆனால் எந்த மாடும் சராசரியைத் தின்பதில்லை."

அவர் போகலாம் என்று கையசைத்தார். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை. அது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து, மண் கொண்டுவருகிறவர்களிடம் 'இந்த நிலத்தில் மாடு கட்டியதுண்டா, எந்தப் பக்கம்?' என்று கேட்கும்படி குமாஸ்தாவுக்கு அவரே உத்தரவு போட்டார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எண்ணை எழுதுமுன் அது எந்த இடத்தின் எண் என்று கேளுங்கள். தீவனப் பயிர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: தண்ணீர் நின்றால் இந்தப் பயிர் என்ன ஆகும், அப்போது இதைத் தின்னப்போவது யார்? பதில் தெரியவில்லை என்றால் நிலத்துக்குப் போங்கள். போக முடியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். சிபாரிசு என்ற இடத்தில் அந்தச் சொல்லையும் எழுதலாம்; அச்சடித்தவர்கள் தடுக்கவில்லை.

அடுத்த விதைப்புக்கு முன் ஒருநாள், ஆய்வுக்கூட வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஏழுமலை. நுகத்தடியில் ராசா, வழக்கம்போல் ஒரு காலைத் தளர்த்தி நின்றது. அவன் வண்டியிலிருந்து சின்னச் சின்ன மூட்டைகளாக இறக்கி, திண்ணைமேல் இடைவெளி விட்டு வைத்தான். பாயிடம் இப்படிக் கொடுக்கச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"இது கெணத்து மேடு சார். இது கால்வா ஓரம். இது சும்மா கீற எடம். இது தறி வரிச."

"சாக்கு எந்தச் சாக்கு?"

"புதுசு சார். பாய் காசு குடுத்து வாங்கினாரு. உப்புச் சாக்குல போட்டா திருப்பி அனுப்சுடுவீங்கன்னு சொன்னாரு."

கடைசியாக ஒரு சிறு மூட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அது?"

"இது ராசாவ கட்ற எடம் சார். தறி வரிசதான். ஆனா தனியா பாருங்க. மத்ததோட கலந்துடாதீங்க."

சீட்டு எழுதி ஒட்ட உட்கார்ந்தேன். மற்ற மூட்டைகளுக்கு இடத்தின் பெயர். அந்த ஒன்றுக்கு மட்டும் 'ராசா' என்று எழுதினேன்.